நாணல்படுகைக்கு வந்த மணல்

ஆற்றில் கிடந்த புதைமணல் ஊருக்குள் ஏறி வந்த காலையில் ரேஷன் கடையில் பாமாயில் போட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால் யாரும் அதை ஒழுங்காகக் கவனிக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களைத் தள்ளினார்கள், முன்னால் நின்றவர்கள் கதவைத் தள்ளினார்கள், எடை போடும் குப்புராஜ் "ஏன் இப்படிப் பறக்கறீங்க" என்று கத்திக்கொண்டே வெளியே வந்து உடைந்த குழாயடியில் காலை வைத்தவர், வைத்த காலோடு முழங்கால் வரை உள்ளே போனார். படித்துறையிலிருந்து கடை வாசல் வரைக்கும் தெருவில் ஒரு ஈரத்தடம் கிடந்தது, எருமை ஒன்று நனைந்த வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்த மாதிரி. கொள்ளிடக்கரையில் மாடு மேய்க்கிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு "நம்ம உளைதான், நாணல் ஓரமாக் கெடக்குமே அது" என்றார்கள். அந்தப் பக்கத்தில் புதைமணலுக்கு உளை என்று பேர். அது ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பாமாயில் தீர்ந்துவிடுமோ என்பதுதான் எல்லோருடைய கவலையும்.

குப்புராஜ் உதறினார். உதற உதற இறங்கினார். தொடை வரை போனதும் மனிதர் ஆடிப்போய், "சர்க்கரையில கை வச்சேன், ஒத்துக்கறேன், இனிமே அளவு கொறைக்க மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் அழுதார். அழுகிற அவசரத்தில் உதறுவதை மறந்துவிட்டார். உதறல் நின்றதும் மணலும் நின்றது. காலிச் சாக்குகளைப் பரப்பி அவரை மெதுவாகப் புரட்டி எடுத்தார்கள்.

ஊர் பார்த்தது என்னவோ, உண்மையைச் சொன்னார், மணல் விட்டது என்பதைத்தான். அன்றைக்கு டீக்கடை மாசிலாமணி பாய்லருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இது உளை இல்லடா, உளவு. உள்ளுக்குள்ள எதையோ வச்சிருக்கவனைத்தான் புடிக்கும்" என்று சொல்லிவிட்டு டீ ஆற்றப் போய்விட்டார். ஊர் அதைச் சூடு ஆறுவதற்குள் குடித்துவிட்டது.

அதற்கப்புறம் நாணல்படுகையில் வாழ்க்கை அதன்பாட்டுக்கு நடந்தது. தினமும் காலையில் மாசிலாமணி கோயில் மைக்கைப் பிடித்து, இன்றைக்கு உளை பஸ் ஸ்டாண்டு தண்ணித்தொட்டிப் பக்கம் இருக்கிறது, இன்றைக்கு பள்ளிக்கூடத்துக் கைகழுவுற இடத்தில் இருக்கிறது, தப்புத்தண்டா பண்ணினவங்க சுத்திப் போங்க என்று அறிவிப்பார். சுற்றிப் போனால் தப்புப் பண்ணினவன் என்று ஆகிவிடுமே, அதனால் ஒருத்தரும் சுற்றிப் போகவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேண்டுமென்றே மணல் ஓரமாகவே நடந்தார்கள், நடந்தவர்கள் மாட்டினார்கள், மாட்டினவர்கள் சத்தம் போடவில்லை. கணுக்கால் வரை இறங்கினவன் சட்டென்று போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு "ஆமா, ஆமா, சொல்லுங்க" என்று பேசுகிற மாதிரி நிற்பான். எந்தத் தெருவுக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் வெயிலில் நகராமல் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிரே வருகிறவர்கள் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்த்தார்கள்.

கை கொடுப்பதற்கு முன்னால் கேள்வி கேட்கிற வழக்கமும் அப்போது வந்ததுதான். புதிதாகக் கல்யாணமாகி வந்த தேன்மொழி முட்டி வரை மாட்டியபோது அவள் புருஷன் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "யாரோட பேசின, சொல்லு, அப்புறம் தூக்கறேன்" என்றான். மாமியார் பக்கத்தில் நின்று "செஞ்சேல்ல, படு" என்றாள். தேன்மொழி யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, "அத்தை வச்ச கருவாட்டுக் கொழம்பை நாய்க்கு ஊத்தினேன், நாயும் திங்கல" என்றாள். கூட்டம் சிரித்தது, தூக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் அவள் தன் புருஷனோடு சேர்ந்து நடப்பதில்லை. ஆனால் அந்தச் சொல் நின்றுவிட்டது. யார் மாட்டினாலும் சுற்றி நிற்கிறவர்கள் "படு, படு" என்றார்கள், அனுபவி என்கிற அர்த்தத்தில். சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லின.

இலக்கியாவுக்கு இதெல்லாம் எரிச்சலாக இருந்தது. அவளுக்குப் பொதுவாகவே எல்லாமே எரிச்சல்தான். இலக்கியா என்று பேர் வைத்து, தமிழிலேயே மார்க் வாங்காமல், ப்ளஸ் ஒன்னைப் பாதியில் விட்டுவிட்டு, வீட்டு வாசலில் மோட்டார் போட்டுத் தண்ணீர் கேன் நிரப்பி மொபட்டில் வீடு வீடாகப் போடுகிறவள். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில். படிப்பு ஏறவில்லை, அதனால் நின்றுவிட்டாள் என்று ஊரில் பேச்சு. அவளும் மறுத்ததில்லை. உண்மை என்னவென்றால் அவள் பெஞ்சில் பக்கத்து இடம் காலியாக இருந்தது, அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்தில் அவளால் உட்கார முடியவில்லை.

அந்த இடம் மோகனாவுடையது. முந்தின கோடையில் ஆற்றில் குளிக்கப் போனாள். முதல் நாள் வரைக்கும் இடுப்பளவு தண்ணீர் நின்ற இடத்தில் ஆள் முழுகுகிற குழி இருந்தது. மணல் அள்ளுகிற இயந்திரங்கள் ஆற்றில் வரிசையாக நின்ற சமயம் அது, எந்த இயந்திரம் எந்தக் குழியை வெட்டியது என்று யாரும் சொல்லவில்லை. இலக்கியாவின் அப்பா கலியபெருமாளும் அதில் ஒன்றை ஓட்டினார். மோகனாவைப் பிணமாக எடுத்த மறுநாளிலிருந்து முதுகு வலிக்கிறது என்று வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். இலக்கியா ஒன்றும் கேட்கவில்லை. எதையும் மூஞ்சிக்கு நேராகக் கேட்டுவிடுகிறவள் அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. தினமும் சோறு போட்டாள், சாப்பிடும்போது அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணல் ஊருக்குள் வந்த அன்றே கலியபெருமாள் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டார். அங்கேயே குளித்து, அங்கேயே தின்று, தண்ணீர்த் தொட்டி நிழலில் அங்கேயே படுத்துக்கொண்டார். "அவன் ஏன் எறங்க மாட்டேங்கறான்?" என்று டீக்கடையில் கேட்டார்கள். "ஆத்துல இருந்து வந்தது ஆத்தைத் தோண்டினவனைத்தான தேடும்" என்றார்கள். தங்களில் பாதிப் பேர் அந்த மணலை வாங்கித்தான் வீடு கட்டியிருக்கிறோம் என்பதை யாரும் சொல்லவில்லை. மோகனாவின் அம்மா செல்லப்பாப்பா மீன் கூடையோடு தெருவில் போகும்போது மாடியை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான்.

இலக்கியாவும் மாட்டினாள். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், எச்சில் கை கழுவுகிற தண்ணீர் ஓடுகிற சந்தில், மொபட்டை நிறுத்திக் காலை ஊன்றினாள், கால் போய்விட்டது. மேலே பால் ஏடு மாதிரி ஒரு தோல், அதற்குக் கீழே கூழ். அவசரக்காரி, ஓங்கி உதைத்தாள். உதைத்தபோது மணல் தண்ணீராகி உள்ளே விட்டது, உதை நின்றதும் சிமெண்ட் மாதிரி இறுக்கிப் பிடித்தது. மறுபடி உதைத்தாள், இன்னொரு காலும் போயிற்று. வழக்கப்படி போனை எடுத்துக் காதில் வைத்தாள், சார்ஜ் இல்லை, அதுவுமில்லாமல் பார்ப்பதற்கு அங்கே ஒரு பன்றியைத் தவிர வேறு யாரும் இல்லை. கத்தலாமா என்றால், கத்தினால் வருகிறவர்கள் முதலில் கேள்விதான் கேட்பார்கள். இடுப்புக்குக் கிட்டே வந்ததும் அவளுக்கு வெறுத்துவிட்டது. சீ போ என்று பின்னால் சாய்ந்தாள், வேலை முடிந்து வந்து கட்டிலில் விழுகிற மாதிரி.

மணல் தாங்கியது. கையை விரித்தாள், இன்னும் தாங்கியது. தண்ணீரைவிட அது கனம், ஆளை முழுசாக விழுங்க அதனால் முடியவில்லை, நின்றால்தான் குத்துகிற ஆணியாக இறங்குகிறோம் என்று முதுகுக்குப் புரிந்தது. காலை இழுக்காமல், பாயசம் கிண்டுகிற மாதிரி லேசாக ஆட்டினாள். காலைச் சுற்றித் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது, பிடி தளர்ந்தது. அவசரப்பட்டபோதெல்லாம் மறுபடி இறுக்கியது, பொறுத்தபோதெல்லாம் விட்டது. வாழ்நாளில் இவ்வளவு மெதுவாக அவள் எந்த வேலையும் செய்ததில்லை. கடைசியில் ஓரத்துக்கு உருண்டு வந்து, செருப்பில்லாமல், தலைமுடியெல்லாம் மணலோடு நேராக டீக்கடைக்குப் போனாள்.

"மாமா, நானும் மாட்டினேன்" என்றாள்.

"என்ன பண்ணின?" என்றார் மாசிலாமணி.

"ஒண்ணும் பண்ணல. அது தப்பைத் தேடல மாமா, தண்ணியைத் தேடுது. ரேஷன் கடைக் கொழா, பஸ் ஸ்டாண்டுத் தொட்டி, மண்டபத்துச் சாக்கடை, எல்லாம் ஒழுகற எடம். அதுக்குத் தாகம்."

"ஆத்து மணலுக்குத் தாகமாம்டா!"

"ஆத்துல தண்ணி இருந்தா அது ஏன் இங்க வருது?"

ஒரு நிமிஷம் எல்லோரும் டம்ளரைப் பார்த்தார்கள். அப்புறம் குப்புராஜ் மெதுவாகக் கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும் பாப்பா. நீ என்ன பண்ணின?"

எப்படித் தப்பினாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவள் திரும்பி வந்துவிட்டாள்.

ஆனால் வீட்டுக்கு வந்து மொபட்டை நிறுத்தும்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊரிலேயே அதிகமாகத் தண்ணீர் வழிகிற வாசல் அவர்களுடையது. அப்படியென்றால் அது இங்கேயும் வரும். வந்தால் ஊர் என்ன சொல்லும் என்பதும் தெரியும். அன்றையிலிருந்து கேன் நிரம்பியதும் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினாள், சிந்தினதைத் துடைத்தாள், வாசலைச் சருகாகக் காயவைத்தாள். மணல் ஒவ்வொரு தெருவாக ஒழுகல் தேடி அலைந்துகொண்டிருந்தது. மாடியில் அப்பா, கீழே மகள், நடுவில் கேட்காத கேள்வி.

ஒரு நாள் மத்தியானம் செல்லப்பாப்பா வாசலில் கூடையை இறக்கி வைத்துத் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, "ஒங்கப்பா நல்லாருக்காரா?" என்றாள்.

"இருக்காரு அத்தை."

"கேட்டேன்னு சொல்லு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இலக்கியா மோட்டாரைப் போட்டாள். ஒரு கேன் நிரம்பியது, அடுத்ததும் நிரம்பியது, தண்ணீர் வழிந்து வாசலில் ஓடி முருங்கை மரத்தடியில் தேங்கியது. அவள் அசையாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மறக்கவில்லை. கை எட்டுகிற தூரத்தில்தான் ஸ்விட்ச். ஓடட்டும், வரட்டும், வந்து அதுவே கேட்கட்டும் என்று விட்டாள்.

"எலக்கி! தண்ணி போவுது பாரு, மோட்டாரை நிறுத்து!" என்று மாடியிலிருந்து சத்தம் வந்தது. "எலக்கி! ஏய்!" அப்புறம் படியில் காலடிச் சத்தம். இத்தனை நாளும் இறங்காத மனிதர் வீணாகிற தண்ணீருக்காக இறங்கினார். அவள் நிமிர்ந்து பார்த்தபோது முருங்கை மரம் லேசாகச் சாய்ந்திருந்தது, வாசல் மினுமினுவென்று இருந்தது, அவள் "ப்பா" என்பதற்குள் அவர் அதன் நடுவில் நின்றார்.

கலியபெருமாள் கனத்த ஆள். உதைத்தார், கையால் தோண்டினார், ஏறப் பார்த்தார். ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் வயிறு வரை போய்விட்டார். ஊர் எப்படித்தான் மோப்பம் பிடித்ததோ, மதில் சுற்றிலும் தலைகள். குப்புராஜ் டிராக்டரையே கொண்டுவந்து, வடத்தில் சுருக்குப் போட்டு அவர் மார்பில் மாட்டி, மறுமுனையை வண்டியில் கட்டிவிட்டார். வழக்கம் தெரிந்தவர்கள், உடனே இழுக்கவில்லை.

"சொல்லிரு பெருமாளு" என்றார் மாசிலாமணி. "சொன்னா ஒரே இழு."

"முதுகு வலிக்குது, முதுகு வலிக்குது" என்றார் அவர். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"செஞ்சேல்ல, படு!" என்றது மதிலோரம் ஒரு குரல். செல்லப்பாப்பா கூட்டத்தின் கடைசியில், கூடை தலையில் இருக்க நின்றாள்.

டிராக்டர் உறுமியது. அந்தப் பிடியில் இருக்கிற ஆளை வண்டி வைத்து இழுத்தால் மேல் பாதிதான் வரும் என்று இலக்கியாவுக்குத் தெரியும், அவள் இடுப்புக்குத் தெரியும். அரிவாள்மணையை எடுத்து வடத்தை அறுத்தாள். காலிக் கேன்களை வாரிப்போட்டு மூடியை இறுக்கி, கேன் அடுக்கப் போட்டிருந்த பலகையின் கீழ் வைத்துக் கட்டினாள். கட்டும்போதே கத்தினாள்:

"படு! ப்பா, படு! படு!"

மல்லாக்கப் படு என்று சொல்லியிருக்கலாம். பின்னால் சாய் என்று சொல்லியிருக்கலாம். முழு வாக்கியம் பேச அவளுக்கு என்றைக்குப் பொறுமை இருந்தது?

"பெத்த மவளே சொல்லுதுய்யா" என்றார் யாரோ. கலியபெருமாள் உதைப்பதை நிறுத்தினார். திரும்பி மகளைப் பார்த்தார். அந்த முகத்தில் பயம் போய்விட்டது, பயத்தைவிட மோசமான ஒன்று வந்து உட்கார்ந்தது. இவளும் சொல்லிவிட்டாள் என்றால் அவ்வளவுதான் என்பது மாதிரி கண்ணை மூடினார், கையை விட்டார், அப்படியே பின்னால் சரிந்தார்.

மணல் அவரைத் தாங்கியது.

இலக்கியா பலகையில் குப்புறப் படுத்துக் கேன்கள் மிதக்க அவர் பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "காலை இழுக்காத. லேசா ஆட்டு. லேசா" என்றாள். அவர் கேட்டாரோ என்னவோ, கண்ணைத் திறக்காமல், செத்துக்கொண்டிருக்கிற ஆள் பேசுகிற மாதிரி சொன்னார்:

"அந்தக் குழி நான் வெட்டுனதுதாம்மா. ஓரமா ஒரு செவப்புக் கொடி நட்டிருக்கலாம். மறுநாள் நடலாம்னு வந்துட்டேன்."

"என்ன சொல்றான்?" மதிலிலிருந்து மாசிலாமணி கேட்டார். "பாப்பா, என்ன சொன்னான் ஒங்கப்பன்?"

ஊர் முழுக்க அவள் வாயைப் பார்த்தது. பொய் சொல்லத் தெரியாதவள் என்று அவளுக்குப் பேர். வாத்தியாரிடமே உங்கள் பாடம் போர் என்று சொன்னவள். அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, மணலின் மேல் வயிறு படப் படுத்துக்கொண்டு, அவள் சொன்னாள்:

"கால் மரத்துப்போச்சாம்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அவளுக்குக் கீழே மணல் குளிர்ச்சியாக, கனமாக, மாடு அசைபோடுகிற மாதிரி மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தது. அவள் சொன்னதைப் பற்றி அதற்கு ஒரு அபிப்பிராயமும் இல்லை. பலகை ஒரு விரல்கூட இறங்கவில்லை.

அவரை ஓரத்துக்குக் கொண்டுவர வெயில் தாழ்ந்துவிட்டது. கூட்டத்தில் பாதிப்பேர் ஒன்றும் தெரியவில்லையே என்கிற ஏமாற்றத்தோடு கலைந்தார்கள், மீதிப்பேர் அவர் எப்படி மிதந்தார் என்று சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். படுன்னு சொன்னா, சாஞ்சான், மேல வந்தான் என்று தேன்மொழிதான் முதலில் சொன்னாள். மறுநாள் மாசிலாமணி மைக்கில், உளை இன்றைக்குப் பால் சொசைட்டி வாசலில் இருக்கிறது, மாட்டினால் படு, என்றார், அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி. அதற்கப்புறம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது தாய்மார்கள் வாசலில் நின்று "மாட்டினா படு" என்று சொல்லி அனுப்பினார்கள், மருமகன் விடைபெறும்போது மாமியார்கள் "படுங்க மாப்ளே" என்றார்கள். ஆனால் எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்று எல்லோரும் கொஞ்சம் உற்றுக் கேட்டுக்கொண்டார்கள். தெருவில் யாராவது மல்லாந்து கிடந்தால், கை கொடுக்கிறவர்கள் கொடுத்தார்கள். கேள்வி கேட்கிறவர்கள், கொஞ்சம் தள்ளி நின்று, இன்னும் கேட்டார்கள்.

கலியபெருமாள் மாடிக்குத் திரும்பவில்லை. மணலிலிருந்து வந்த மறுநாள், காலில் எண்ணெய் தடவிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். இலக்கியா கேன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எலக்கி" என்றார். "நேத்து படுன்னியே. எந்தப் படு?"

அவள் கேனைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு பொய் சொன்னதே இந்த வருஷத்துக்குப் போதும் என்று இருந்தது.

"ரெண்டுந்தான்" என்றாள். "மோட்டாரை நிறுத்தாம விட்டதும் நாந்தான்."

அவர் தலையை ஆட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் சுவரைப் பிடித்து எழுந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மீன்காரத் தெரு இருக்கிற திசையைப் பார்த்தார்.

"வீட்ல இருக்குமா செல்லப்பாப்பா?"

"இந்நேரம் இருப்பாங்க."

அவர் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினார். பயந்த ஆள் நடக்கிற மாதிரி விறுவிறுவென்று, முடித்துவிட்டால் போதும் என்கிற மாதிரி நடந்தார். அவள் எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

"ப்பா!" என்று கத்தினாள். "மெதுவாப் போ."